சேற்றில் பதிந்த கட்டைவிரல்

கடற்கரைச் சாலையின் கடைசியில் கல் கடை வைத்திருப்பவர் வாயை வைத்தே வீடு கட்டியவர். அவர் விற்பது அம்மோனைட். மனிதன் என்ற ஜந்து தலையெடுக்காத காலத்தில் கடலில் நீந்திய பிராணியின் ஓடு அது. ஆட்டுக்கொம்புபோலச் சுருண்டு, சேற்றில் புதைந்து, கோடிக்கணக்கான வருடங்களில் பைரைட் என்ற கனிமமாக மாறிப் பொன்போல மின்னும்.

"தங்கமா?" என்று கேட்டால், "தங்கமா இருந்தா நான் ஏன் உங்ககிட்ட நின்னு பேசிட்டிருக்கேன்?" என்பார். "கொஞ்சம் குறைச்சுக்கங்க" என்றால், "பதினெட்டு கோடி வருஷமா காத்திருந்த சரக்கு. நீங்க நிதானமா யோசிச்சிட்டு வாங்க, அதுக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்பார். கேட்டவர் பாதித் தெருவிலிருந்து திரும்பி வருவார்.

விற்பது அவர், பொறுக்குவது மகன். கடலோரத்துக் களிமண் மேட்டை மழையும் அலையும் கரைக்கும்போதெல்லாம் கல் உதிரும். மகன் பொறுக்கிவந்து வாரக்கணக்கில் நல்ல தண்ணீரில் ஊறப்போடுவான். உப்பு இறங்க இறங்கத் தினமும் தண்ணீர் மாற்றுவான். நன்றாகக் காய்ந்த பிறகுதான் வார்னிஷ். உப்போடும் ஈரத்தோடும் மூடிவைத்தால் கல்லுக்கு நோய் வரும். வெள்ளையாகப் பூத்து, வெடித்து, கடைசியில் சாம்பலாகிவிடும்.

போன வருடம் பெருமழை விட்ட மறுநாள் மேடு சரிந்தது. மகனைத் தோண்டி எடுக்க இரண்டு நாளாயிற்று. தோள்பைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அதற்குள் பதினோரு கற்கள், சேறும் ஈரமுமாக. அதில் ஒன்றின்மேல் அப்பியிருந்த சேற்றில் அவனுடைய கட்டைவிரல் ரேகை, பத்திரத்தில் வைத்ததுபோல் அத்தனை சுத்தமாகப் பதிந்திருந்தது.

கழுவினால் ரேகை போய்விடும். காயவிட்டால் சேறு வெடித்து உதிர்ந்துவிடும். முப்பது வருடமாக, வாங்குகிற ஒவ்வொருவரிடமும் 'ஈரத்தோட மூடாதீங்க' என்று படித்துப் படித்துச் சொன்ன மனுஷன், அந்த ஒரு கல்லுக்கு ஈரத்தோடு வார்னிஷ் பூசினார். அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, மற்ற பத்தையும் சேறு போகாமல் பக்கத்தில் அடுக்கினார். பெட்டியை மூடி, விளிம்பெல்லாம் மெழுகால் அடைத்தார். தெரியாமல் செய்ததல்ல.

பதினான்கு மாதம் போயிற்று. மருந்துக்கடை வேலை முடிந்து வந்த மருமகள் கூடத்தில் நின்று மூக்கை உறிஞ்சினாள். தீக்குச்சி கிழித்த மாதிரி ஒரு வாடை.

"மாமா, பெட்டிக்குள்ள பூத்திருக்கு."

"தூசியா இருக்கும்மா."

"மெழுகு வச்சு அடைச்ச பெட்டிக்குள்ள தூசி எந்த வழியா வந்துச்சு, டிக்கெட் வாங்கிட்டா?"

இந்த வீட்டில் அவள் கற்றுக்கொண்ட வாய் அது.

"அசிட்டோன் வச்சு வார்னிஷை எடுக்கணும் மாமா. சேத்தையும் எடுத்தாத்தான் உள்ள மருந்து போடலாம். இல்லன்னா ஒண்ணுல இருந்து பதினொண்ணுக்கும் பரவும்."

"சேத்தை எடுத்தா அவன் விரல்?"

"கல்லு போனாலும் விரல் போயிடும்ல?"

"ஒரு மாசம் போகட்டும்."

"இன்னைக்கே செய்யணும்."

"பதினஞ்சு நாள். வெயில் வரட்டும்."

"மாமா, நான் வாங்க வந்தவ இல்ல."

"சரி, ஞாயித்துக்கிழமை. உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம்."

"இன்னைக்கு."

"நாளைக்குச் சாயங்காலம். இதுக்குக் கீழ எனக்குக் கட்டுபடியாகாதும்மா."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். தலையாட்டிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அவருடைய பேரத்தில் யாரும் இத்தனை சீக்கிரம் படிந்ததில்லை.

மறுநாள் அவர் கடை திறக்கவில்லை. பெட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ரேகையின் சுழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து மனப்பாடம் செய்யப் பார்த்தார். நடுச்சுழியிலிருந்து நான்காவது கோடு இடப்பக்கம் பிரிகிறது. அதற்கடுத்தது பாதியில் நிற்கிறது. மத்தியானம் சோற்றைக் கொண்டுவந்து அங்கேயே சாப்பிட்டார். தட்டை வைத்துவிட்டுக் கை கழுவி வந்தபோது கல் இரண்டாகப் பிளந்திருந்தது. வார்னிஷ் தோல்போல உரிந்து தொங்கியது. சேறும் கல்லின் சாம்பலும் பெட்டியின் அடியில் தூளாகக் கிடந்தன. எது ரேகை, எது கல் என்று பிரிக்க முடியவில்லை.

சாயங்காலம் அசிட்டோன் பாட்டிலோடு வந்த மருமகள், நாற்காலியைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். பாட்டிலை மேஜைமேல் வைத்தாள்.

"நேத்தே உன் பேச்சைக் கேட்டிருக்கணும்."

"நேத்து செஞ்சிருந்தா என் கையால போயிருக்கும் மாமா. விடுங்க."

அவள் தூளைத் தொடவில்லை. மிச்சம் பத்தையும் எடுத்துக் குழாயடிக்குப் போனாள். அவற்றில் நோய் இன்னும் ஏறவில்லை, கழுவி, ஊறப்போட்டுக் காயவைத்தால் பிழைக்கும். பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் பிடித்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். வேகமான, பழகிய கை. சேறு கழன்று பொன் தெரிந்தது. அவர் துணியை நீட்டி ஒவ்வொன்றாக வாங்கித் துடைத்தார். பத்தும் முடிந்தது.

தண்ணீரைக் கொட்ட அவள் பேசினைத் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். சாம்பல் நிறத் தண்ணீர் விளிம்புவரை தளும்பியது. மேட்டு மண், அவன் கையில் ஒட்டி, பையில் ஒட்டி வந்த மண், அதில் கரைந்து கிடந்தது.

"குடும்மா, நான் ஊத்திடறேன்."

அவர் மறுபக்கம் பிடித்தார். அவள் விடவில்லை. அவரும் சாய்க்கவில்லை.

"கனமா இருக்கா மாமா?"

"இல்லம்மா. நீ பிடிச்சுக்கோ."