சூடேறிய சாக்கு

அக்டோபரில் பச்சை ஆலிவ் காயைப் பறிக்கிறவளைப் பற்றி மிர்ஸினி என்ன நினைக்கிறாள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ரொட்டிக் கடையில் சொல்லியிருக்கிறாள், சர்ச் வாசலில் சொல்லியிருக்கிறாள், ஒருமுறை சாவு வீட்டில் காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டும் சொன்னாள். பறித்தவள் வேறு யாருமில்லை, அவளுடைய ஓரகத்தி தியலெக்தி. ஏதென்ஸில் பிறந்து வளர்ந்து, மருந்துக் கடையில் வேலை பார்த்து, மிர்ஸினியின் கொழுந்தன் ஸ்ட்ராத்திஸைக் கட்டிக்கொண்டு நாலு வருஷத்துக்கு முன்னால் லெஸ்போஸ் தீவுக்கு வந்து சேர்ந்தவள்.

அண்ணன் தம்பிக்குப் பாகம் பிரிக்காத ஆலிவ் தோப்பு அது. வளைகுடாவைப் பார்த்த சரிவில், கல் கட்டிய படிப்படியான நிலம். அதில் வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதை மிர்ஸினியின் மாமியார் வகுத்துவிட்டுத்தான் கண்ணை மூடினாள். மரத்தடியில் வலையை விரித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். காய் கறுத்து, பழுத்து, தானாக விழ வேண்டும். ஜனவரியில் கூட்டி அள்ளிச் சாக்கில் கட்டி, கிடங்கில் அடுக்கி, மேலே ஒரு கை கல்லுப்புத் தூவ வேண்டும். சாக்குக்குள் கையை விட்டால் சூடு தெரிகிற அன்றைக்குத்தான் ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தச் சூட்டில்தான் கசப்பு செத்து எண்ணெய் இனிக்கும். மாமியாருக்குப் பிறகு அந்தக் கையை விட்டுப் பார்க்கிற அதிகாரம் மிர்ஸினியுடையது. அவள் தலையசைக்காமல் ஒரு சாக்கும் கிடங்கை விட்டு நகராது. புருஷன் பனாயிஸ்கூட அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பான்.

இந்த வீட்டுக்குள் வந்து தியலெக்தி செய்கிற காரியமோ கண்கொண்டு பார்க்க முடியாது. குழந்தைக்குத் தலை வாருகிற மாதிரி ஒரு சீப்பை வைத்துக்கொண்டு, ஸ்ட்ராத்திஸ் ஒதுக்கிக்கொடுத்த மரங்களுக்கு வாருகிறாள். பறித்த காயை அன்று சாயங்காலமே ஆலைக்கு ஓட்டுகிறாள். கிடைக்கிற எண்ணெயோ பாதிக்குப் பாதி. அதையும் உருப்படியாக விற்றாளா? விரல் நீளக் குப்பியில் அடைத்து ரிப்பன் கட்டுகிறாள். மிச்சத்தில் முகத்துக்குக் களிம்பு, உதட்டுக்குக் களிம்பு, குதிகாலுக்குக் களிம்பு. ஊர்ப் பெண்கள் அடிமண்டியைக் காய்ச்சிச் சோப்பு போடுவார்கள், இவள் முதல்தர எண்ணெயை ஊற்றி அதில் லாவெண்டர் பூவை வேறு உதிர்க்கிறாள். தின்னத் தெரியாதவள்தான் பூசிக்கொள்வாள் என்று மிர்ஸினி சொல்லிச் சொல்லி ஊருக்கே காது புளித்துவிட்டது.

தின்னத் தெரியாதவள் என்பதற்கு அவளிடம் சாட்சி இருந்தது. கல்யாணமாகி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, வேகவைத்த காட்டுக்கீரை மேல் மிர்ஸினி தாராளமாக எண்ணெய் ஊற்றிக் கொடுத்தாள். தியலெக்தி ஒரு வாய் எடுத்துவிட்டு முள்கரண்டியைக் கீழே வைத்தாள். மேசையில் எல்லோரும் பார்த்தார்கள்.

"ராணியம்மாவுக்கு மூக்குதான் இருக்கு, வாய் இல்ல போல" என்றாள் மிர்ஸினி. எல்லோரும் சிரித்தார்கள். தியலெக்தியும் சிரித்துவிட்டுத் தட்டைக் காலி செய்தாள். அன்றிலிருந்து எல்லா ஞாயிறும் காலி செய்தாள், ரொட்டியை நிறைய வைத்து.

இந்த வருஷம் ஸ்ட்ராத்திஸ் வாயைத் திறந்தான். தோப்பு முழுவதையும் இனிமேல் தன் பெண்டாட்டி வழியில் பறிக்கலாம் என்றான். பனாயிஸ் வழக்கம்போல ஜன்னலைப் பார்த்தான். இந்த மனிதன் ஜன்னலைப் பார்த்தே காலத்தை ஓட்டிவிட்டான் என்று மிர்ஸினிக்கு எரிச்சலாக வந்தது. கூட்டுறவுச் சங்கத்துக்குத் தீவின் தலைநகர் மிதிலினியிலிருந்து எண்ணெய் ருசி பார்க்கிற அம்மாள் ஒருத்தி வரப்போகிறாள் என்று கேள்விப்பட்டவள், காப்பிக் கடை வாசலில் நாலு பேர் கேட்கத் தானே முடிவு சொன்னாள். அவளுடைய எண்ணெயையும் என்னுடைய எண்ணெயையும் பேர் சொல்லாமல் வையுங்கள். எதை நல்லது என்கிறார்களோ அந்த வழியில்தான் அடுத்த வருஷம் தோப்பு. தோற்றவள் ஜெயித்தவள் சொல்கிறபடி கூடை தூக்க வேண்டும். தியலெக்தி கூடை தூக்குகிற அழகைப் பார்க்க மிர்ஸினி அப்போதே தயாராகிவிட்டாள்.

அந்த அம்மாளைப் பார்த்தபோது மிர்ஸினிக்கு அவள் மேலும் மதிப்பு வரவில்லை. ஒல்லியாக, வாசனைத் தைலம்கூடப் பூசாமல், காலையிலிருந்து காப்பி குடிக்காமல் வந்திருந்தாள். காப்பி குடிக்காதவளுக்கு ருசியைப் பற்றி என்ன தெரியும்? சங்கத்து மாடியில் நீலக் கண்ணாடிக் கிண்ணங்களை மூடி போட்டு வெதுவெதுப்பாக வைத்திருந்தாள். விவசாயிகளும் முகர்ந்து பார்க்கலாம், மனதில் பட்டதைச் சொல்லலாம் என்றாள்.

முதல் கிண்ணத்தில் மிர்ஸினி ஒரு மிடறு எடுத்ததும் தொண்டை எரிந்து இருமினாள். புல்லும் தக்காளி இலையும் கசக்கின நெடி. யாருடையது என்று கேட்க வேண்டியதே இல்லை. "மருந்துக் கடை" என்று சத்தமாகவே சொல்லிவிட்டு மூடியைப் போட்டாள்.

இரண்டாவது கிண்ணத்தின் மூடியைத் தூக்கினாள். அவள் முகமே மலர்ந்துவிட்டது. ஆயிரம் கிண்ணத்தில் கலந்து வைத்தாலும் இதை அவள் கண்டுபிடிப்பாள்.

"என்ன தெரியுதும்மா?" என்று கேட்டாள் அந்த அம்மாள்.

மிர்ஸினி தியலெக்தியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கூட்டத்துக்கே கேட்கச் சொன்னாள். "சாக்கு. கிடங்குல அடுக்கி வச்ச சாக்கு. உள்ள கைய விட்டா கதகதன்னு இருக்குமே, அந்தச் சூடு. இது எங்க வீட்டு எண்ணெய். இதுக்குப் பேர்தான் எண்ணெய்."

அந்த அம்மாள் கிண்ணத்தை வாங்கித் தானும் முகர்ந்தாள். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் மிர்ஸினி திட்டிவிட்டுப் போயிருப்பாள்.

"உங்களுக்கு அருமையான மூக்கும்மா. எங்க ஆளுங்க பழகறதுக்கே ரெண்டு வருஷம் ஆகும், நீங்க ஒரே மோப்பத்துல சொல்லிட்டீங்க. சாக்குல சூடேறி அழுகின காய். எண்ணெய்க்கு வர்ற குறையிலேயே பெரிய குறை இதுதான். இது சாப்பாட்டுக்கு ஆகாது, சோப்புக்குப் போடலாம்."

முதல் கிண்ணத்தைப் பற்றி அவள் சொன்ன புகழ்ச்சி எதுவும் மிர்ஸினி காதில் ஏறவில்லை. கூட்டத்தில் யாரும் அவளைப் பார்க்கவில்லை. தியலெக்திகூடத் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் மிர்ஸினிக்குத் தாங்கவில்லை. காரில் ஏறச் சொன்ன கொழுந்தனிடம் கால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு மேட்டுப் பாதையில் நடந்தாள். கடல் காற்று எதிரே அடித்தது. வழியெல்லாம் அந்த அம்மாளை, சங்கத்தை, நீலக் கிண்ணத்தை வைதுகொண்டே வந்தாள். ஊரே பைத்தியமாகிவிட்டது, மிதிலினி அதற்கு முன்பே ஆகிவிட்டது.

வீட்டுக் கதவைத் திறந்தாள். முகத்தில் அடித்த மாதிரி அது வந்தது.

முதலில் எதுவோ கெட்டுப்போயிருக்கிறது என்றுதான் நினைத்தாள். அடுப்பைப் பார்த்தாள், குப்பைக் கூடையைப் பார்த்தாள். திரைச்சீலையை முகர்ந்தாள், பனாயிஸின் கம்பளிச் சட்டையை முகர்ந்தாள். எல்லாவற்றிலும் அதே ஈரச் சாக்கு. கடைசியில் தன் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மூக்கருகில் கொண்டுபோனாள். அதுவும்தான்.

இந்த நாற்றம் அவளுக்குப் புதிதில்லை. வளைகுடாவுக்கு அந்தப் பக்கம், மீன்பிடிக்கிற ஊரிலிருந்து அவள் மருமகளாக வந்த முதல் ஞாயிறு, இதே மேசையில், இதே கீரை. ஒரு வாய் வைத்துவிட்டுக் குமட்டலை அடக்கியபோது மாமியார் எல்லோர் முன்னாலும் சொன்னாளே: ராணியம்மாவுக்கு மூக்குதான் இருக்கு, வாய் இல்ல. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டைக் காலி செய்தாள். எப்போது அதை மறந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

பனாயிஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான்.

"இது நாறுதுன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

அவன் தொப்பியைக் கையில் திருப்பினான். "நீதானே சொன்ன. வந்த புதுசுல, அந்த ரூம்ல அழுதுகிட்டே. அம்மா காதுல விழுந்துடப் போகுதுன்னு நான்தான் உன்ன சும்மா இருக்கச் சொன்னேன். அப்புறம் நீயே இனிக்குதுன்னு சொல்ல ஆரம்பிச்சுட்ட. நான் என்னத்தச் சொல்றது?"

மிர்ஸினி அவனைப் பார்த்தாள். இத்தனை வருஷம் ஊரில் ஒவ்வொருவர் மேலும் காட்டிய அலட்சியமெல்லாம் வீண் செலவு என்று தோன்றியது. மொத்தத்தையும் இவனுக்கென்று சேர்த்து வைத்திருக்கலாம். பேசுகிற அளவுக்கு அவன் தேறவில்லை.

சாயங்காலம் தியலெக்தி வந்தாள். வாசலிலேயே நின்று, அக்காவுக்குச் சம்மதமானால் அந்த எண்ணெயைச் சோப்புக்கு எடுத்துக்கொள்வதாகவும், நியாயமான விலை தருவதாகவும் மெதுவாகச் சொன்னாள்.

"உள்ள வா" என்றாள் மிர்ஸினி. "நாலு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம இத வழிச்சுத் தின்னியே, ஒரு நாளாவது வாயத் தொறந்து சொன்னியாடி?"

"முதல் நாளே சொல்ல வந்தேன் அக்கா. நீங்க சொன்னதுக்கு எல்லாரும் சிரிச்சாங்க. சரி, போகப்போகப் பழகிடும்னு நெனச்சேன்." தியலெக்தி தயங்கினாள். அவளிடம் கேலி இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "எனக்கு இன்னும் பழகல. உங்களுக்கு எத்தன வருஷம் ஆச்சு?"

மிர்ஸினி எழுந்து போய்ச் சமையலறை ஜன்னலைத் திறந்தாள், பிறகு கூடத்து ஜன்னலை. பனாயிஸை எழுந்திருக்கச் சொல்லாமலே அவன் தலைக்கு மேலே கையை நீட்டி அவனுடைய ஜன்னலையும் திறந்தாள். ஜனவரிக் குளிர் வீடு முழுக்க நுழைந்தது. அவன் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஏதோ முனகினான்.

"முழுசும் எடுத்துக்கிட்டுப் போ" என்றாள் தியலெக்தியிடம், முதுகைத் திருப்பியபடியே. "சோப்புல அந்தப் பூவை எத்தன பிடி போடுவ?"

"ரெண்டு பிடி, அக்கா."

"இதுக்குப் பத்தாது."