எருக்கலைக்கு ஊற்றிய சுடுதண்ணீர்

கிளிநொச்சிச் சந்தைக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் சிற்றம்பலத்தின் சீமெந்து முற்றத்தைப் பிளந்துகொண்டு ஓர் எருக்கலைச் செடி எழும்பியது. மனிதர் அதற்குச் சுடுதண்ணீர் ஊற்றினார், உப்புக் கொட்டினார், வயலுக்கு அடிக்கிற களைநாசினியையும் அடித்துப் பார்த்தார். அது கொத்துக் கொத்தாகப் பூத்துக் காட்டியது.

அதே முற்றத்தில் அவர் மனைவி இராசமலர் நிழல்வலை கட்டி, எருப் போட்டு, பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்த றோசாக்களோ சாடியிலேயே பட்டுப்போயின.

சிற்றம்பலத்துக்கு விசயம் வெளித்தது. சீமெந்தை உடைத்து எருக்கலையை வேரோடு கிளப்பி, றோசாச் சாடியில் நட்டார். நிழல், எரு, மூன்று நேரமும் தண்ணீர், ஒன்றிலும் குறை வைக்கவில்லை. எண்ணியபடியே அது அழுகிச் செத்தது. பகையை முடித்த நிம்மதியில் அன்றைக்கு ஒரு கோப்பை சோறு கூடுதலாகச் சாப்பிட்டார்.

ஆனால் சாடியிலிருந்து பிடுங்கி அந்தச் சீமெந்துப் பள்ளத்துக்குள் எறிந்த றோசாத் தடி ஒன்று துளிர்த்திருந்தது. இராசமலர் பூரித்துப்போய் நிற்க, சிற்றம்பலம் குசினியிலிருந்து கொதிக்கிற கேத்திலோடு வந்தார்.

"என்னப்பா, சுடுதண்ணியே ஊத்தப்போறியள்?"

"ஓம். நீ போய் உப்பை எடுத்துக்கொண்டு வா. பிள்ளை வளர வேணுமெல்லே."