என் கப்பலும் என் வீட்டுக்காரரும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் பூமிநாதன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

நான் கீழவாஞ்சூர் துறைமுகத்தில், எடைமேடையில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க நிலக்கரி லாரிகளின் நம்பரைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, முகமெல்லாம் கரித்தூளோடு பட்டினச்சேரிக்குத் திரும்புவேன். குளித்துவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்தால் நான் கேப்டன். வீடியோ கேமில் விண்வெளிக் கப்பல் ஒன்று என் பேரில் ஓடுகிறது. எங்கள் வீட்டில் பெண்கள் கரையில் மீன் விற்கலாம், படகுக்குச் சாமான் வாங்கிக் கொடுக்கலாம், படகில் மட்டும் ஏறக் கூடாது. இந்தக் கேமில் என்னை இறங்கு என்று சொல்ல ஆளே இல்லை. எந்தக் கிரகத்துக்குப் போவது, யாரைக் கப்பலில் சேர்ப்பது, யாரோடு சண்டை, யாரோடு சமாதானம், எல்லாம் நான் வைத்ததுதான் சட்டம். அதற்காகவே அது எனக்கு உயிர்.

என் கப்பலில் ஆறு பேர். டாக்டருக்கு அமுதம் என்று பெயர் வைத்தேன், இன்ஜின் பார்ப்பவனுக்கு மருதையன். வீம்புக்கு இருப்பதிலேயே கடினமான ஆட்டத்தை எடுத்திருந்தேன். கப்பல் உடைந்தால் ஆறு பேரும் போய்விடுவார்கள், முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஏழு மாதம் பொத்திப் பொத்திக் கொண்டுவந்தேன். அன்று கடைசிப் பயணம். இன்னும் கால் மணி நேரம் ஓட்டினால் ஜெயித்துவிடுவேன்.

மீன்பிடித் தடைக்காலம் என்பதால் பூமிநாதன் வீட்டில் கிடந்தார். விசைப்படகு டிரைவர் கடலுக்குப் போகாவிட்டால் கண்ணில் பட்டதையெல்லாம் கழற்றி மாட்டுவார். மிக்சியும் மின்விசிறியும் அதற்குள் முடிந்திருந்தன. அடுப்பில் கருவாட்டுக் குழம்பு பொங்கும் சத்தம் கேட்கவே, கண்ட்ரோலரை அவர் கையில் திணித்தேன்.

“நேரா புடிச்சிக்கிட்டு மட்டும் இருங்க. வேற எதையும் தொடாதீங்க.”

“படகு ஓட்டுறவன்கிட்ட சொல்ற பாரு,” என்றார்.

குழம்பை இறக்கிவிட்டு வந்து பார்த்தால், கப்பல் திரும்பி எங்கோ போய்க்கொண்டிருக்கிறது.

“என்னங்க பண்றீங்க?”

“வயர்லெஸ்ல ஒருத்தன் கூப்புட்டான். இன்ஜின் நின்னுபோச்சாம். காப்பாத்துங்கன்னு கத்துறான்.”

தலையில் அடித்துக்கொண்டேன். இந்தக் கேம் ஆடும் எல்லோருக்கும் தெரியும், அது கொள்ளைக்காரர்களின் தந்திரம். ஏழு மாதத்தில் அந்தக் குரலை இருபது தடவை கேட்டு, இருபது தடவையும் செவிடு மாதிரி கடந்து போயிருக்கிறேன்.

“அது பொய்ங்க! திருட்டுப் பசங்க! குடுங்க இப்படி!”

பிடுங்கினேன். கப்பலைத் திருப்ப இன்னும் நேரம் இருந்தது. அவர் சண்டைக்கு வரவில்லை.

“கூப்புட்டா போவணும் பாரதி,” என்றார். “போன ஐப்பசியில எங்க இன்ஜின் நின்னப்ப, நாகூர்க்காரன் ஒருத்தன் வலைய அறுத்துப் போட்டுட்டு வந்து கயிறு கட்டி இழுத்தான். நாங்க யாருன்னுகூட அவனுக்குத் தெரியாது.”

இன்ஜின் நின்றது எனக்குத் தெரியும். வலையை அறுத்துவிட்டு வந்தது தெரியாது. அப்படி ஒருத்தன் வராமல் இருந்திருந்தால், இந்த மனுஷன் இன்று என் பக்கத்தில் உட்கார்ந்து என் கப்பலைக் கெடுத்துக்கொண்டிருக்க மாட்டார். கப்பலைத் திருப்பவில்லை.

கிட்டே போனதும் மூன்று கப்பல்கள் சூழ்ந்துகொண்டன. “இடக்க ஒடிடீ! இடக்க!” என்று அவர் கத்த, நான் ஒடிக்க, அமுதம் விழுந்தாள். பிறகு மருதையன். ஐந்தே நிமிஷத்தில் கப்பல் வெடித்துச் சிதறியது.

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“பொய்யாவா கூப்புட்டானுவோ?” என்றார். “கடல்ல எவனாச்சும் அப்படிக் கூப்புடுவானா?”

சுட்டதைக்கூட அவர் மன்னித்திருப்பார். பொய்யாகக் கூப்பிட்டதை மன்னிக்க முடியவில்லை. சோற்றில் குழம்பைப் பிசைந்துகொண்டே அவர்களைக் குலம் கோத்திரத்தோடு திட்டினார். ஏழு மாத உழைப்புக்கு அழ வேண்டியவள், தட்டும் கையுமாக விழுந்து விழுந்து சிரித்தேன்.

மறுநாள் வேலையிலிருந்து வந்தபோது டி.வி.யைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்.

“நீதான் டிரைவர். நான் இன்ஜின் பாத்துக்குறேன்.”

புதுக் கப்பலில் கிளம்பினோம். மூன்றாம் நாளே அந்தக் குரல் வந்தது. இன்ஜின் நின்றுவிட்டது, காப்பாற்றுங்கள்.

நான் அவரைப் பார்த்தேன். “என்னங்க செய்யட்டும்?”

“போவத்தான் வேணும்,” என்றார். “பீரங்கிய மட்டும் ரொப்பிக்கிட்டுப் போ.”