ரோமன் மேல் அடி விழாது

ஏதென்ஸில் மிக்கியோனின் எண்ணெய்க் கடைக்கு முன்னால் கரியோன் ரோமக் குடிமக்கள் மட்டும் சுற்றிக்கொள்ளும் கனத்த மேலாடையான டோகாவை உடுத்திக்கொண்டு வந்து நின்றபோது தெருவே வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. கூடாமல் என்ன செய்யும்? எட்டு வருஷத்துக்கு முன்பு இதே கடையில் செக்குத் தள்ளிய அடிமைப் பயல் அவன். ஒரு ரோம வணிகர் அவனை வாங்கிக்கொண்டு போனார். போன வருஷம் நீதிபதி முன் நிறுத்தி விடுதலையும் செய்துவிட்டார். ரோமச் சட்டம் அப்படி. காலையில் அடிமை, மத்தியானம் குடிமகன். ஏதென்ஸும் அப்போது ரோமின் ஆட்சிக்குக் கீழேதான் இருந்தது.

வந்தது அம்மாவுக்காக. தாய் சூரா இன்னும் மிக்கியோனின் அடிமை. கேட்ட விலையைக் கொடுத்து அவளைக் கப்பலேற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். பணிந்து கேட்டிருந்தால் நடந்திருக்கும். மிக்கியோன் காசு என்றால் வாயைப் பிளக்கிற ஆள்.

ஆனால் மிக்கியோன் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னடா வேஷம் இது? எங்கப்பன் ஏதென்ஸ்காரன், எங்கம்மா ஏதென்ஸ்காரி. அதனால நான் குடிமகன். உங்கப்பன் யாருன்னு உங்கம்மாவையே கேளேன், தெரியுதான்னு பாப்போம்."

கூட்டம் சிரித்தது. நாக்கை அடக்க வேண்டும் என்று கப்பலில் வரும்போதெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டவன்தான் கரியோன். அடங்கவில்லை.

"ரோம அதிகாரி நெனச்சா நாளைக்கே உங்க முதுகுத் தோலை உரிச்சுடலாம், மிக்கியோன். என் மேல விரல்கூடப் படக்கூடாது. இப்பச் சொல்லுங்க, யாரு குடிமகன்?"

இப்போது சிரிப்பு இன்னும் பலமாக எழுந்தது, மிக்கியோனைப் பார்த்து. போன கோடையில் ஒரு ரோமச் சிப்பாய் அவரை நடுச்சந்தையில் அறைந்ததை அத்தனை பேரும் பார்த்திருந்தார்கள்.

சூரா உள்ளேயிருந்து ஓடிவந்து, ஐயா காலில் விழுடா என்று மகனிடம் கெஞ்சினாள். அவன் விழவில்லை.

மிக்கியோன் கத்தவில்லை. சூராவைக் குப்புறக் கிடத்தி இருபது அடி கொடுக்கும்படி ஆளிடம் சொன்னார். சொந்த அடிமையை அடிக்க ஏதென்ஸிலும் தடையில்லை, ரோமிலும் தடையில்லை. அந்த விஷயத்தில் மட்டும் இரண்டு ஊருக்கும் பேதமே கிடையாது.

நாலு அடி விழுந்ததும் கரியோன் பாய்ந்து தாயின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டான். ஓங்கிய சாட்டை நின்றது. ரோமனை அடித்துவிட்டு யார் தலையைக் கொடுப்பது?

ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தான் பாவி.

மிக்கியோன் நிழலில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார். ஒரு கிண்ணம் ஆலிவ் காயும் வந்தது.

"அவரை யாரும் தொடாதீங்க. குடிமகன். எப்ப எந்திரிக்கத் தோணுதோ அப்ப எந்திரிக்கட்டும்."

வெயில் ஏறியது. கரியோன் கனத்த ஆள், டோகா அதற்கு மேல் கனம். முழங்கையை ஊன்றி எம்பினால் அந்த இடைவெளியில் தாயை அடிக்கச் சாட்டைக்காரன் பக்கவாட்டில் குனிகிறான். தாழ்ந்தால் கனம் தாங்காமல் கீழே தாய் முனகுகிறாள். இரட்டை விலை தருகிறேன் என்றான். காலில் விழுகிறேன் என்றான். மிக்கியோன் கொட்டையைத் துப்பினார்.

"எந்திரிடா," என்றாள் சூரா. "மூச்சு முட்டுது. அடிச்சாக்கூட உசுரு மிஞ்சும்."

கரியோன் எழுந்து தள்ளி நின்றான். அவனை யாரும் பிடிக்கவில்லை, யாரும் தள்ளவில்லை.

மிக்கியோன் கையைத் துடைத்துக்கொண்டார்.

"எத்தனைல விட்டோம்னு மறந்துபோச்சு," என்றார். "ஒண்ணுலேருந்து ஆரம்பி."