தொய்வில்லாத மிதவை

திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ஈஸ்வரபாண்டி, ராக்கப்பனுக்குத் தரவேண்டியது நாலாயிரத்து முந்நூற்று எழுபது ரூபாய். தை மாதம் திராட்சைப் பந்தல் கட்டியதில் நின்ற பாக்கி ஆயிரத்து அறுநூற்று எழுபது. ஆனியில் மிதவை கட்டிய மூன்று நாள் கூலி, நாளுக்குத் தொள்ளாயிரம் வீதம் இரண்டாயிரத்து எழுநூறு. "இதையும் கட்டிரு, சேத்துத் தாரேன்" என்று சொல்லித்தான் அவனை வேலையில் இறக்கினார். ராக்கப்பனின் மொபெட் சின்னமனூர் ஒர்க்‌ஷாப்பில் நாற்பது நாளாகக் கிடந்தது. பணம் வந்தால்தான் வண்டி வரும். வண்டி வரும்வரை ஓடைப்பட்டி வீட்டிலிருந்து மார்க்கையன்கோட்டைத் தோட்டத்துக்குப் பாதி பஸ், பாதி நடை.

மிதவை எதற்கென்றால், திராட்சைத் தோட்டம் பார்க்க வருகிற கேரளத்துக்காரர்கள் அங்குள்ள குட்டைக்கு நடுவே நின்று படம் எடுக்க. தலைக்கு ஐம்பது ரூபாய். ஈஸ்வரபாண்டி போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு, எட்டு நீல டிரம்மும் கொஞ்சம் பலகையும் கொண்டுவந்து போட்டார்.

"கம்பெனிக்காரன் எதுக்கு? நாமளே மாட்டிக்கிறலாம்" என்றார். நாமளே என்றால் ராக்கப்பன்.

ராக்கப்பன் இருபத்தாறு வருடமாகப் பந்தல்காரன். அவனுக்குத் தெரிந்த வேதம் ஒன்றுதான்: கம்பியில் தொய்வு இருக்கக் கூடாது. குட்டையில் அப்போது முழங்கால் தண்ணீர். நான்கு மூலையிலும் சேற்றில் பந்தல் கல் ஊன்றி, கல்லின் அடியில் கட்டிய கம்பிகளைப் பலகைக்கு மேலே கொண்டுவந்து, நடுவில் ஒரே முடிச்சாக முறுக்கினான். விரலால் சுண்டிப் பார்த்தான். டங்கென்றது. புயல் வந்தாலும் அசையாது என்றான். ஈஸ்வரபாண்டிக்கும் அது பிடித்திருந்தது. மிதப்பதற்காகக் கட்டியது அசையவே அசையாது என்பதில் இருவருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை.

திறப்பு வெள்ளிக்கிழமை. அன்று வாய்க்காலில் அவர் முறை. பத்து நாளைக்கு ஒருதரம், மூன்று மணி நேரம், தண்ணீர் அவர் குட்டைக்குத் திரும்பும். தண்ணீர் ஏற, மிதவை ஏற, மிதவையோடு தாமும் ஏற, அதைக் கரையில் நின்று மனைவி யுவராணி வீடியோ எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

"ஏலே, நீயும் ஏறு. கட்டினவன் நின்னாத்தான் எனக்கு நம்பிக்கை."

"எனக்கு நீச்சல் தெரியாது மொதலாளி."

"எனக்கு மட்டும் தெரியுமா? மிதவையில நிக்க நீச்சல் எதுக்கு?"

இருவரும் சேற்றில் நடந்துபோய் ஏறினார்கள். ஈஸ்வரபாண்டி ராக்கப்பனின் தோள் உயரம்தான். சூடம் காட்டிப் பூசணிக்காய் உடைத்தார். மடை திறந்தது.

தண்ணீர் ஏறியது. மிதவை ஏறவில்லை.

முதலில் பலகை நனைந்தது. பிறகு கணுக்கால். பூசணித் துண்டுகள் மட்டும் அழகாக மிதந்தன. கீழே எட்டு டிரம்மும் மேலே வரத் திமிற, கம்பிகள் தம்புரா போல ரீங்கரித்தன.

"ஏங்க, ஏறுவேன்னீக, எறங்கிக்கிட்டுல்ல இருக்கீக" என்றாள் யுவராணி, போனை இறக்காமல்.

"நிறுத்திராத. இப்ப ஏறும்."

முழங்காலுக்கு வந்தது. ராக்கப்பன் முடிச்சைக் கால் விரலால் தடவிப் பார்த்தான். ஒரு நூல்கூட இளகவில்லை. பயத்தோடு கொஞ்சம் பெருமையும் வந்தது.

மடையருகே அடுத்த முறைக்காரர் நல்லகண்ணு மண்வெட்டியோடு குந்தியிருந்தார். "மச்சான், முங்கப் போறீக. மடையை அடைச்சு எனக்குத் திருப்பிக்கிறட்டா?"

"எனக்கு இன்னும் ஒண்ணரை மணி நேரம் கெடக்கு. கை வச்சுப் பாரு, தெரியும்."

"இல்ல, உசுருன்னு ஒண்ணு இருக்கேன்னு கேட்டேன்."

"உசுரு இங்கனதான் இருக்கு. தண்ணி போனா பத்து நாளாகும்."

தொடைக்கு வந்ததும் ஈஸ்வரபாண்டி போனைத் துண்டில் சுற்றித் தலையில் கட்டிக்கொண்டார். இடுப்பை எட்டப் போகும்போது வேட்டிக்குள் கைவிட்டு, டவுசர் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தை உருவி, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். உள்ளே ஐந்நூறு ரூபாய்த் தாள்கள், வாழைப்பூப் பருமனில். ஆறு மாதமாகக் கையில் சல்லிக்காசு இல்லை என்று அவர் சொன்னது பொய்யில்லை. கையில் இல்லை, டவுசரில் இருந்தது.

ராக்கப்பன் இடுப்பிலிருந்து கம்பி வெட்டும் குறட்டை எடுத்தான்.

"ஏலே, வெட்டு அந்த முடிச்ச."

"வெட்டலாம் மொதலாளி. ஆனா கூலி வாங்காத வேலை என் வேலை. அதை நானே வெட்டிட்டா, வேலையே நிக்கல, எதுக்குக் கூலின்னு நாளைக்குக் கேப்பீக. கூலியைக் குடுத்துட்டா அது உங்க கம்பி. உங்க கம்பியை வெட்டுன்னா வெட்டிட்டுப் போறேன்."

"கரைக்குப் போயித் தாரேன்."

"கரையில நின்னுதான் இம்புட்டு நாளும் கேட்டேன்."

மிரட்டுகிற குரல் இல்லை அது. தண்ணீர் அவன் இடுப்பையும் தாண்டியிருந்தது. ஆனாலும் கண்ணுக்குள் மொபெட்தான் நின்றது.

"குடுத்துத் தொலைங்க" என்று கரையிலிருந்து யுவராணி சொன்னாள். "பேசுறதெல்லாம் பதிவாகுது."

ஈஸ்வரபாண்டி பொட்டலத்தைப் பல்லால் பிரித்து ஒன்பது தாள் எண்ணிக் கொடுத்தார். ராக்கப்பன் குறட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மறுபடி எண்ணினான்.

"நூத்தி முப்பது கூட இருக்கு மொதலாளி."

"இருக்கட்டும், வெட்டு."

"எங்கிட்டச் சில்லறை இல்ல. பாக்கி வைக்க எனக்கு மனசு வராது. பாக்கின்னா என்னன்னு எனக்குத் தெரியும்."

தண்ணீர் ஈஸ்வரபாண்டியின் கழுத்தைத் தொட்டது. பொட்டலத்தை இன்னும் உயரத் தூக்கினார்.

நல்லகண்ணு மடையிலிருந்தே வழி சொன்னார். "வெட்டுக்கூலின்னு வச்சுக்கப்பா. கட்டுறதுக்குக் கூலி உண்டுன்னா வெட்டுறதுக்கும் உண்டுல்ல."

ராக்கப்பன் யோசித்தான். நியாயமாகத்தான் பட்டது. மூச்சை அடக்கி முங்கினான். ஒரு கை ஒன்பது தாளோடு தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்க, மறு கை குறட்டோடு அடியில் முடிச்சைத் தேடியது.

டங்.

எட்டு டிரம்மும் ஒரே எழும்பாக எழும்பின. மிதவை கன்றுக்குட்டி போலத் துள்ளி மேலே வந்தது. இருவரும் பலகையில் மல்லாந்து கிடந்தார்கள். முறை இன்னும் முடியவில்லை. தண்ணீர் ஏறியது, மிதவையும் ஏறியது.

"கணக்குத் தீந்துச்சா?" என்றார் ஈஸ்வரபாண்டி, கண்ணைத் திறக்காமல்.

ராக்கப்பன் ஈரத் தாள்களை வெயிலில் வரிசையாகப் பரப்பினான். காற்று தூக்காமலிருக்க, மிதந்து வந்த பூசணித் துண்டுகளைப் பொறுக்கி ஒவ்வொன்றின் மேலும் வைத்தான்.

"தீந்துச்சு மொதலாளி. அந்த நூத்தி முப்பதோட."