பாகுலின் இரண்டாவது மூச்சு

பனிக்காலத்தில் பாகுலின் வாயிலிருந்து இரண்டு ஆவி கிளம்பும். ஒன்று அவனுடையது, மற்றது செத்துப்போன திரேபியுடையது. இத்தாலிய மலைகளுக்கு எழுத்து ஏறி வராத காலம் அது. எங்கள் ஆட்டுக்காரர்களிடம் காற்றுக்கும் மூச்சுக்கும் ஒரே சொல்தான் இருந்தது. அதை வைத்தே காலம் தள்ளிக்கொண்டிருந்தோம்.

சாகிறவரின் கடைசி மூச்சை நெருங்கிய உறவு வாயோடு வாய் வைத்து வாங்கிக்கொள்ள வேண்டும், மண்ணில் விடக்கூடாது என்பது எங்கள் வழக்கம். சமவெளியிலிருந்து மந்தையோடு திரும்பும் வழியில் திரேபி பாறையிலிருந்து விழுந்தபோது, பக்கத்தில் இருந்தவன் பாகுல் மட்டும்தான். சுனைத் தண்ணீர்ச் சண்டையில் இருவருக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஆனாலும் ஒரு மனிதனின் மூச்சை வீணாக விட மனம் வராமல் பாகுல் குனிந்து வாங்கிக்கொண்டான். அன்றிலிருந்து திரேபியின் நாய் அவன் பின்னால் போயிற்று. வெங்காய வாடையே ஆகாத பாகுல், திரேபியைப் போலவே பச்சை வெங்காயத்தைக் கடித்துத் தின்றான்.

திரேபியின் மனைவி மாராயா பாகுலின் வாசலில் வந்து நின்றாள்.

"என் வீட்டுக்காரர் மூச்சைக் குடுத்துடு. நீ வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?"

"ஊதிப் பாத்துட்டேன்மா. உதடுவரைக்கும் வருது, திரும்ப உள்ள ஓடிடுது. உன் புருஷன் பிடிவாதம் உனக்குத் தெரியாதா?"

அவள் சிரித்தாள், பிறகு வெகுநேரம் அழுதாள். பாகுல் எங்காவது தனியாகச் செத்தால் திரேபியும் மண்ணோடு போய்விடுவானே என்ற பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. அதனால் மந்தை இறங்கும்போதெல்லாம் அவளும் இறங்கினாள். மாலையில் அவன் வந்து அவள் அடுப்பை ஊதித் தருவான், அவள் எதிரே உட்கார்ந்து அந்த மூச்சை முகத்தில் வாங்கிக்கொள்வாள். அந்த இரண்டாவது ஆவியை வெறும் மூச்சு என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "அனமோ வந்தாச்சா?" என்று கேட்பாள். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. அதற்குமுன் அந்தச் சொல் யார் வாயிலும் இருந்ததில்லை.

தலை நரைத்த பிறகு பாகுல் படுத்தான். வழக்கப்படி குனிய வேண்டிய அவன் தம்பி ஹெரென்ஸ் விலகி நின்றான்.

"நீங்களே வாங்கிக்குங்க அக்கா."

"உங்க அண்ணனோடதும் சேர்ந்து வந்துடுமேடா."

"வரட்டும். எங்க அண்ணனும் உங்க அடுப்பை விட்டு வேற எங்க போவாரு?"

அவள் குனிந்தாள். இரண்டும் வந்தன.

அடுத்த பனிக்காலத்தில் மாராயாவின் வாயிலிருந்து மூன்று ஆவி எழுந்தது. உயிரோடு இருந்தவரை முகம் கொடுத்துப் பேசாத இரண்டும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு மேலே போயின. நின்று பார்க்க யாருக்கும் நேரமில்லை, ஆடுகள் குட்டி போட்டுக்கொண்டிருந்தன.