பின்வரிசைக் கைக்குட்டை

குளிர்சாதனத்தைப் பதினாறில் வைத்தது ரிமோட்தான். வேறு யார் தலையிலும் பழியைக் கட்ட வழியில்லை. அந்த அறைக் குளிர்சாதனத்தின் ரிமோட் அவருடைய சட்டைப் பையைத் தவிர வேறெங்கும் இருந்ததே கிடையாது. சட்டமன்றக் குழு அறையில் நாற்காலி போடுவது, தண்ணீர் வைப்பது, திரையை இழுத்துவிடுவது என்று அவருக்கு ஏகப்பட்ட வேலை. ஆனாலும் அந்தப் பையைப் பார்த்துத்தான் எல்லோரும் அவருக்குப் பெயர் வைத்தார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடிருந்தது.

பதினாறில் வைத்தது நல்ல எண்ணத்தில்தான். பின்வரிசை ஓரத்தில் எப்போதும் உட்காரும் ஆலோசகர், பாவம், கூட்டம் தொடங்கினால் போதும், கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பார். மனுஷனுக்கு இவ்வளவு வியர்க்கிறதே என்று ரிமோட்டுக்கு மனசு கேட்கவில்லை. அதனால் அன்றைக்கு அவருடைய நாற்காலியைக் குளிர்காற்று நேராக இறங்கும் இடத்தில் போட்டு, கூடவே குளிரையும் கூட்டிவிட்டார்.

நல்ல எண்ணத்துக்குப் பின்னால் சின்னதாக ஒரு சுயநலமும் இருந்தது. அந்த ஆலோசகர் லிஃப்ட் கம்பெனிக்காரர்.

ரிமோட்டின் வீடு ஐந்தாவது மாடி. அங்கே அதே கம்பெனி லிஃப்ட் நின்றுபோய் ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் ஓடிவிட்டன. அவர் மனைவிக்கு முழங்கால் மடங்காது. கீழே இறங்க முடியாமல் பால்கனியிலேயே குடித்தனம். எதிர்ச்சாரியில் தையல் கடை வைத்திருந்த தங்கையோடு அங்கிருந்து கத்திக் கத்தித்தான் பேச்சு. அதில் குடும்ப ரகசியமெல்லாம் தெருவுக்கே பாடமாகிவிட்டது. முன்பின் தெரியாத தபால்காரர் ஒருநாள் ரிமோட்டை நிறுத்தி, "உங்களுக்கு மூலம் இப்ப எப்படி இருக்கு சார்?" என்று அக்கறையாக விசாரித்தார்.

"ஏங்க, லிஃப்ட் எப்ப சரியாகும்? அவ கடையில போய் ஒரு பத்து நிமிஷம் உக்காந்துட்டு வரணும். அவ்வளவுதான் ஆசை" என்று மனைவி கேட்காத காலை இல்லை. அவரும் கேட்காத இடம் இல்லை. கம்பெனிக்குப் போன் செய்தால் பாட்டு போட்டார்கள். குடியிருப்போர் சங்கத்தில் "சொல்லியிருக்கோம்" என்றார்கள். குழுத் தலைவரையே கேட்டபோது, "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்றார். அவரிடம் மணி கேட்டாலும் அதே பதில்தான் வரும்.

ஆலோசகருக்கு உடம்பு குளிர்ந்தால் மனசும் குளிரும், அப்போது மெல்லக் கேட்டுவிடலாம் என்பது ரிமோட்டின் கணக்கு.

அன்றைக்குக் குழுவின் முன் வந்ததே லிஃப்ட் மசோதாதான். அதில் ஒன்பதாம் பிரிவு, பழுதான லிஃப்டைக் கம்பெனி மூன்று நாளில் சரிசெய்ய வேண்டும், தவறினால் அபராதம் என்றது. ஆலோசகர் வந்ததே அந்தப் பிரிவை வழியனுப்பத்தான்.

அறையில் எல்லோருக்கும் தெரிந்து ரிமோட்டுக்கு மட்டும் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. ஆலோசகர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தால், கம்பெனிக்குச் சம்மதம், கையைத் தூக்கலாம். கண்ணாடியைக் கழற்றினால், வேண்டாம். உறுப்பினர்கள் மசோதாவைப் புரட்டியதே இல்லை, பின்வரிசையைத்தான் படித்தார்கள். கழுத்து வலிக்காரர் ஒருவர் நாற்காலியையே திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

தலைவர் ஒன்பதாம் பிரிவை வாசித்து முடித்தார். ஆலோசகரின் கை கண்ணாடியை நோக்கிப் போனது. பாதி வழியில் தும்மல் வந்தது. கைக்குட்டை வெளியே வந்தது.

அத்தனை கைகளும் மேலே போயின.

பதறிப்போன ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றினார். கைகள் இறங்கின. கண்ணாடி இல்லாத கண்ணில் நீர் கொட்டியது. துடைத்தார். கைகள் ஏறின. பிறகு ஒரு கையில் கண்ணாடி, ஒரு கையில் கைக்குட்டை என்று திணறி நின்றார். கழுத்து வலிக்காரர் குழம்பிப்போய் ஒரு கையைத் தூக்கி, மறுகையால் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். ஆலோசகர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் பார்வையாளர்கள் பேசக்கூடாது என்பது சட்டம். அந்த அறையில் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்ட ஒரே சட்டம் அது.

இந்த உற்சாகத்தில் எதிர்க்கட்சி அம்மா ஒருவர், "மூணு நாள் எதுக்குங்க? ஒரு நாள் போதுமே!" என்றார். ஆலோசகர் அடுத்தடுத்து இரண்டு தும்மல் போட்டு முகத்தைத் துடைத்தார். ஏகமனதாக நிறைவேறியது. தலைவர் அவசரமாக உணவு இடைவேளை விட்டார்.

"யோவ் ரிமோட்! இங்க வாய்யா. பதினாறு வெச்சது யாரு?"

"நான்தாங்கய்யா. சாருக்கு எப்பவும் வேர்க்குதேன்னு..."

"வேர்க்குதா? அது வேர்வைன்னா நினைச்சே?" தலைவர் தலையில் அடித்துக்கொண்டார். "இத்தனை வருஷமா இந்த ரூமுக்குள்ளயே நிக்கிறே, அவர் துடைச்சா நாங்க கையைத் தூக்குறது உன் கண்ணுல படவே இல்லையா?"

ரிமோட்டுக்கு அப்போதுதான் விளங்கியது. கை தூக்குவதைப் பார்த்திருக்கிறார். துடைப்பதையும் பார்த்திருக்கிறார். இரண்டையும் முடிச்சுப் போட அவருக்குத் தோன்றியதே இல்லை. தன் மூளைக்கும் ஒரு லிஃப்ட் இருந்து அதுவும் நடுவழியில் நிற்கிறதோ என்று நினைத்துக்கொண்டார்.

"விடுங்க தலைவரே," என்றார் ஆலோசகர், மூக்கு பழுத்த தக்காளியாக. "அவர் நல்லதுக்குத்தான் பண்ணியிருக்கார். சாப்பிட்டு வந்து மறுபரிசீலனைன்னு எடுத்துக்கலாம்."

மறுபரிசீலனைக்குக் குளிர்சாதனத்தை அடியோடு அணைக்கச் சொல்லி உத்தரவு. திரையும் மூடி, சாப்பிட்ட வயிறும் சேர, அறை இட்லிக் கொப்பரையாக வெந்தது. இப்போது ஆலோசகருக்கு உண்மையாகவே வியர்த்தது. நெற்றியில் முத்து முத்தாகக் கோத்து, மூக்கு நுனியில் வந்து தொங்கியது. கை தானாகப் பைக்குப் போயிற்று. அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டது. கையை இழுத்துத் தொடைக்கடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார் மனிதர். கம்பெனிக்காக அப்படி உழைத்த ஒருவரை ரிமோட் அதற்கு முன் பார்த்ததில்லை. தலைவர் ஒன்பதாம் பிரிவை வாசித்ததும், இன்னொரு கையால் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு கையும் எழவில்லை. ஒன்பதாம் பிரிவு போய்ச் சேர்ந்தது.

காலையில் அந்தப் பிரிவு நிறைவேறிய கையோடு ரிமோட் மறைவாக மனைவிக்குப் போன் செய்து, "ஒரே நாளுல சரியாயிடுமாம்" என்று சொல்லித் தொலைத்திருந்தார். அவள் அந்த நிமிஷமே பால்கனியிலிருந்து தங்கைக்கு அறிவித்து, தெருவே கைதட்டியதாம். வெளியே போகிற செருப்பைத் துடைத்து வாசலில் வைத்துவிட்டாளாம்.

எல்லோரும் போனபின் ஆலோசகர் மட்டும், காலைக் குளிரில் பிடித்த காய்ச்சலோடு, நாற்காலியில் சுருண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். ரிமோட்டுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ இரக்கம்தான். வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார். தன் துண்டையும் போர்த்திவிட்டார்.

"மன்னிச்சுக்குங்க சார். என்னாலதான்."

"பரவாயில்லண்ணே." ஆலோசகர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "இந்த ரூம்ல என்னை மனுஷனா பார்த்தது நீங்க ஒருத்தர்தான். மத்தவங்க கைக்குட்டையைத்தான் பார்ப்பாங்க."

ரிமோட் தொண்டையைச் செருமினார். "சார், ஒண்ணு கேக்கணும். எங்க பில்டிங் லிஃப்ட் உங்க கம்பெனிதான். அது எப்ப சரியாகும்?"

ஆலோசகர் வழக்கம்போலக் கண்ணாடியைக் கழற்றப் போனார். பிறகு நிறுத்தி, கையைக் கீழே போட்டார்.

"வீட்டுல யாருக்காவது முடியலையா?"

"சம்சாரத்துக்கு முழங்கால் சார். எதிர்ல தங்கச்சி கடை. அங்க வரைக்கும்தான் போகணும்கிறா. இன்னிக்குச் செருப்பெல்லாம் எடுத்து வெச்சிட்டா."

ஆலோசகர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஆகாதுண்ணே" என்றார் ஆலோசகர். "இந்த ஊர் முழுக்க எங்களுக்கு ரெண்டே மெக்கானிக்தான். மத்தவங்களை நிறுத்திட்டு, அந்தச் சம்பளத்துலதான் என் மாதிரி ஆளுங்களை எடுத்தாங்க. ஆபீஸ்ல நாங்க ஒரு மாடி முழுக்க இருக்கோம். சம்சாரத்தைக் கூட்டிக்கிட்டு எங்கயாவது தரைத்தளமா வீடு பாருங்க. எங்க பில்டிங்லயும் எங்க கம்பெனி லிஃப்ட்தான். நான் குடியிருக்கிறது தரைத்தளம்."